'சந்தேகத் தோமா'வின் மலை: பரங்கிமலைப் படிகளில் ஒரு கணக்கு டீச்சரின் தேடல்!

காலை ஆறரை மணி. பரங்கிமலை அடிவாரத்தில் நான்கு வளைவுகளோடு நிற்கும் அந்தப் பழைய நுழைவாயிலின் முன் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நிற்கிறது. கையில் தண்ணீர் பாட்டிலும் தோளில் துணிப்பையுமாக ஒரு பெண்மணி இறங்குகிறார். வயது 63. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் படியில் கால் வைக்கிறார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று உதடுகள் முணுமுணுக்கின்றன.

அருகில் வருபவர்கள் அதைச் செபம் என்றே நினைப்பார்கள். ஆனால், அவர் படிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தேன். எதைப் பார்த்தாலும் எண்ணுற பழக்கம் போகலை. இந்தப் படிகளை ஒரு புத்தகத்துல 135-ன்னு போட்டிருக்கான். இன்னொண்ணுல 160-ங்கிறான். சரி, நாமே எண்ணிப் பார்த்துடுவோம்னு தினமும் ஆரம்பிப்பேன். பாதி வழியில யாராவது 'டீச்சர், நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்பாங்க. கணக்கு விட்டுப்போயிடும்" என்று சிரிக்கிறார் ஆதம்பாக்கத்தைச் சேர்ந்த அந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. பெயர் வேண்டாம் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

எண்ணிப் பார்த்தால்தான் நம்புவேன் என்பவருக்கு இதைவிடப் பொருத்தமான மலை கிடைக்காது. இயேசுவின் 12 சீடர்களில், பார்த்தால்தான் நம்புவேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர் தோமா. இன்றைக்கும் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பவரைக் கிறிஸ்தவ வீடுகளில் 'சந்தேகத் தோமா' என்றுதான் கிண்டல் செய்வார்கள். அந்தத் தோமா உயிர்விட்ட இடம் என்று நம்பப்படும் மலை இது.

பெயரிலேயே இரண்டு கதை

சுமார் 300 அடி உயரம்தான். ஆனாலும் சமதளமான சென்னையில் இது பெரிய உயரமாகத் தெரிகிறது. 'பரங்கியர்' எனப்பட்ட போர்ச்சுகீசியர்கள் குடியேறியதால் பரங்கிமலை என்பார்கள். பிருங்கி முனிவர் தவமிருந்த இடம் என்பதால் 'பிருங்கி மலை', அதுவே மருவியது என்பாரும் உண்டு. கத்தோலிக்கர்களுக்கு இது புனித தோமையார் மலை.

கருங்கல் படிகளைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டியவரும் இவரே. மயிலாப்பூர் பக்கத்திலிருந்து மலைக்கு வரும் பக்தர்கள் ஆற்றைக் கடக்கச் சிரமப்பட்டதைப் பார்த்துவிட்டு, சொந்தப் பணத்தில் இந்த வேலைகளைச் செய்தார் என்கிறார்கள்.

படிகளின் ஓரத்தில் சிலுவைப் பாதையின் 14 நிலைகள் இருக்கின்றன. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து, ஒவ்வொரு நிலையிலும் நின்று செபித்தபடி ஏறுவார்கள். மற்ற நாள்களில் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள், விமானம் இறங்குவதைப் படம் பிடிக்க வரும் கல்லூரி மாணவர்கள், ரீல்ஸ் எடுப்பவர்கள் என எல்லோருக்கும் இடமிருக்கிறது. மூட்டு வலிக்காரர்களுக்காக வாகனம் போகும் சாலை தனியாக உண்டு.

டீச்சரும் ஆரம்பத்தில் நடைப்பயிற்சிக்குத்தான் வந்தார்.

"செபமாலையை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன்"

"2021 மே மாசம். ரெண்டாவது அலை. அவருக்கு மூச்சுத் திணறல்னு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். பன்னிரண்டு நாள். யாரையும் உள்ளே விடலை. நான் வீட்டுல உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னுகூட எண்ணி வெச்சிருந்தேன். பதிமூணாவது நாள் போன் வந்துச்சு..."

அதற்குமேல் அந்தக் கதையை அவர் சொல்வதில்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் செபமாலையை பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறந்ததிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறவிடாதவர், பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

"கோபம்கூட இல்லைங்க. கோபப்படணும்னா எதிர்ல ஒருத்தர் இருக்கணும் இல்லையா? அங்க யாருமே இல்லைன்னு தோணிடுச்சு. அறுபது வருஷமா காலி நாற்காலிகிட்ட பேசிட்டு இருந்தேனோன்னு பயமா இருந்துச்சு."

மகனும் மருமகளும் அவரை வற்புறுத்தவில்லை. ஆனால், அவர்கள் தெருவின் அன்பியப் பெண்கள் வருவதை நிறுத்தவில்லை. அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் சிறு குழு. "வந்து செபம் சொல்லுவாங்களோன்னு கதவையே திறக்க மாட்டேன். ஒருநாள் எதிர் வீட்டம்மா ஜன்னல் வழியா, 'டீச்சர், செபமெல்லாம் வேண்டாம், காபி மட்டும் குடுங்க போதும்'னாங்க. அப்புறம் வாரா வாரம் வந்தாங்க. காபி குடிச்சாங்க, ஊர்க்கதை பேசினாங்க, போனாங்க. ஒருத்தர்கூட 'கடவுள் நல்லதுக்குத்தான் செய்வார்'னு சொல்லலை. சொல்லியிருந்தா அன்னைக்கே கதவைச் சாத்தியிருப்பேன்."

எட்டு நாள் யாரும் விரட்டவில்லை

தோமாவின் கதையிலும் இதேபோல ஒரு பகுதி உண்டு. பலரும் அதைக் கவனிப்பதில்லை.

யோவான் நற்செய்தியில் தோமா மூன்று இடங்களில் பேசுகிறார். முதலில், ஆபத்து என்று தெரிந்தும் யூதேயாவுக்குத் திரும்பும் இயேசுவோடு, நாமும் போய்ச் சாவோம் என்று மற்றவர்களை அழைக்கிறார். அது கோழையின் பேச்சு அல்ல. இரண்டாவதாக, இறுதி இரவு உணவின்போது எல்லோரும் புரிந்ததுபோல அமைதியாக இருக்க, நீங்கள் போகும் இடமே எங்களுக்குத் தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று கேட்கிறார். மூன்றாவதுதான் உலகறிந்த சந்தேகம். உயிர்த்த இயேசு சீடர்களைச் சந்தித்த மாலையில் தோமா அங்கே இல்லை. திரும்பி வந்தவரிடம் சொன்னபோது, ஆணிக் காயத்தில் விரலையும் விலாவில் கையையும் வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்கிறார்.

சந்தேகப்பட்டது அவர் மட்டுமல்ல. கல்லறை காலியாக இருப்பதைப் பெண்கள் வந்து சொன்னபோது மற்ற சீடர்களும் அதைப் பிதற்றலாகவே எடுத்துக்கொண்டார்கள் என்கிறது லூக்கா நற்செய்தி. கலிலேயா மலையில் நேரில் பார்த்தபோதும் சிலர் தயங்கினார்கள் என்கிறது மத்தேயு. கெட்ட பெயர் மட்டும் தோமாவுக்கு வந்து சேர்ந்தது.

இயேசு மறுபடி வருவது எட்டு நாள் கழித்து. அந்த எட்டு நாளும் நம்புகிற பத்துப் பேரும் நம்பாத ஒருவரும் ஒரே குழுவாக இருந்திருக்கிறார்கள். அவர்கள் தோமாவை வெளியே அனுப்பவில்லை. தோமாவும் கோபித்துக்கொண்டு போகவில்லை. எட்டாம் நாள் கதவு பூட்டிய அந்த வீட்டில் அவரும் இருந்தார். அதனால்தான் பார்க்க முடிந்தது.

இன்னொன்று. அழைக்கப்பட்ட பிறகு தோமா உண்மையிலேயே காயத்தைத் தொட்டாரா? கரவாஜியோவின் புகழ்பெற்ற ஓவியத்தில் அவர் விரலைக் காயத்துக்குள் விடுவதைப் பார்க்கலாம். ஆனால், தொட்டார் என்று நற்செய்தியில் எங்கும் எழுதப்படவில்லை. இயேசுவை ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் அழைக்கிறார், அவ்வளவுதான். அந்த நற்செய்தியிலேயே மிகத் துணிச்சலான விசுவாச அறிக்கை சந்தேகப்பட்டவரிடமிருந்து வருகிறது. மற்றச் சீடர்களின் நம்பிக்கையைவிடத் தோமாவின் சந்தேகமே நமக்கு அதிகம் உதவியது என்ற கருத்தை, ஆறாம் நூற்றாண்டிலேயே போப் பெரிய கிரகோரியார் தம் மறையுரை ஒன்றில் சொல்லியிருக்கிறார்.

வந்தாரா, வரவில்லையா?

வேடிக்கை என்னவென்றால், சந்தேகப்பட்ட தோமா இந்தியாவுக்கு வந்ததையே பலர் சந்தேகப்படுகிறார்கள்.

கி.பி. 52-ல் கேரளத்தின் கொடுங்கல்லூர் அருகே கரையிறங்கி, கி.பி. 72-ல் இந்த மலையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் மரபு. எழுத்து ஆதாரம் என்றால், மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்த 'தோமாவின் பணிகள்' என்ற நூலைக் காட்டுவார்கள். அதிலும் தோமா முதலில் இந்தியாவுக்குப் போக மறுக்கிறார். பிறகு ஒரு வணிகரிடம் அடிமையாக விற்கப்பட்டு, கோண்டோபர்னஸ் என்ற மன்னரின் நாட்டுக்குத் தச்சராக வருகிறார். அரண்மனை கட்டத் தந்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்.

அப்படியொரு மன்னரே கற்பனை என்று கருதியவர்கள் இருந்தார்கள். 19-ம் நூற்றாண்டில் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் அவர் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. மன்னர் உண்மை என்று தெரிந்தது. ஆனால், அவர் ஆண்டது வடமேற்கில், மயிலாப்பூரில் அல்ல. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-ல் நடந்த அகழாய்வு, ரோமானிய வணிகப் பொருள்கள் அந்தக் காலத்திலேயே இந்தக் கரைக்கு வந்ததைக் காட்டியது. அதாவது, அன்றைக்கு ஒருவர் அங்கிருந்து இங்கே வந்திருக்க முடியும். வந்தார் என்பதற்கு அதுவே சாட்சி ஆகிவிடாது.

இந்த இடைவெளியோடுதான் பக்தர்கள் படியேறுகிறார்கள். டீச்சருக்கும் இது தெரியும். "கணக்குல 'நிரூபிக்கப்பட்டது', 'நிரூபிக்கப்படாதது'ன்னு ரெண்டு உண்டு. 'நிரூபிக்கப்படாதது'ன்னா 'பொய்'னு அர்த்தம் இல்லை. இதை எத்தனையோ பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். எனக்கு நானே சொல்லிக்கத்தான் லேட்டாச்சு."

அளந்து பார்ப்பதிலும் இந்த மலைக்கு ஒரு பெருமை உண்டு. 1802 ஏப்ரல் 10-ம் தேதி, வில்லியம் லாம்ப்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவைக்கான முதல் அடிக்கோட்டை இங்கேதான் அளக்கத் தொடங்கினார். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தை, எஃகுச் சங்கிலியை நீட்டி நீட்டி அளந்தார்கள். பின்னாளில் எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட்டதும் அந்தப் பணியின் தொடர்ச்சிதான்.

மழைக்கு ஒதுங்கியவர்

மலை உச்சியில் இருப்பது எதிர்நோக்கு அன்னையின் ஆலயம். 1523-ல் போர்ச்சுகீசியர்கள் கட்டியது. 1547-ல் இங்கே தோண்டியபோது கிடைத்த கற்சிலுவையைப் பீடத்தின் பின்சுவரில் பதித்திருக்கிறார்கள். சுற்றிலும் பஹ்லவி எனும் பழைய பாரசீக எழுத்துகள். தோமையாரே செதுக்கியது என்பது பக்தர்களின் நம்பிக்கை. எழுத்தமைதியை வைத்து, அது பல நூற்றாண்டுகள் பிந்தியது என்பது ஆய்வாளர்களின் முடிவு. 1558 டிசம்பர் 18 தொடங்கி 1704 வரை அவ்வப்போது சிலுவையில் ரத்தம் வியர்த்தது என்று கோயில் மரபு சொல்கிறது. 1986 பிப்ரவரி 5-ம் தேதி போப் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்து செபித்தார்.

2022-ல் சர்க்கரை அளவு கூடியதால் தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். சமதளத்தில் நடந்தால் தெரிந்தவர்கள் துக்கம் விசாரிப்பார்கள் என்று டீச்சர் மலையைத் தேர்ந்தெடுத்தார். மாதக்கணக்கில் ஆலயத்துக்குள் போகவில்லை. வெளியே உட்கார்ந்து விமானங்கள் இறங்குவதை எண்ணிவிட்டு இறங்கிவிடுவார். சில நாள் மருமகளும் கூட வருவார். "அத்தை, நான் பூசைக்குப் போறேன். நீங்க வந்தாலும் சரி, இங்கேயே உட்கார்ந்திருந்தாலும் சரி, வரும்போது கூப்பிட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்.

"ஐப்பசி மாசம், செம மழை. குடை இல்லை. ஒதுங்க இடம் வேணும்னுதான் உள்ளே போனேன். கடைசி பெஞ்சுல உட்கார்ந்தேன். ஒண்ணும் நடக்கலை. வெளிச்சம் வரலை, குரல் கேட்கலை. மழை விட்டதும் வந்துட்டேன். ஆனா, மறுநாள் மழை இல்லை. அப்பவும் உள்ளே போனேன். ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை."

சில வாரங்கள் கழித்து, அங்கே வந்திருந்த வயதான குருவானவர் ஒருவரிடம் மனதில் இருந்ததைச் சொன்னார். "ஃபாதர், எனக்குச் செபிக்க வரலை. கேள்விதான் வருது." அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "அந்தக் கேள்வியையே அவர்கிட்ட கேளும்மா. இந்த மலையில கேட்காம வேற எங்க கேட்கப்போற?" என்றார்.

அன்று அவர் கேட்டது, "ஏன் அவரை எடுத்துக்கிட்டீங்க?" என்ற ஒரே கேள்வி. பதில் வரவில்லை. "பதில் வரலை. ஆனா, ஒண்ணு புரிஞ்சுது. காலி நாற்காலிகிட்ட யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. நான் கேட்டேன்னா, அங்க யாரோ இருக்காங்கன்னு எனக்குள்ள ஏதோ ஒண்ணு நம்புது."

ஒரே நாளில் மூன்று இடங்கள்

தோமையாரின் வழியைத் தொடர விரும்புபவர்கள் சென்னையில் மூன்று இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். சின்னமலை மெட்ரோ ஸ்டேஷன் அருகிலேயே சின்னமலை ஆலயம். தோமையார் ஒளிந்து வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கெபிக்குள் குனிந்துதான் போக வேண்டும். துரத்தி வந்தவர்களிடமிருந்து அவர் தப்பித்த வழி என்று சிறு திறப்பு ஒன்றைக் காட்டுகிறார்கள். 1551-ல் போர்ச்சுகீசியர்கள் கட்டிய சிற்றாலயமும், 1971-ல் எழுந்த வட்ட வடிவ ஆலயமும் இங்கே உள்ளன.

அங்கிருந்து பரங்கிமலை. மெட்ரோவிலும் வரலாம், கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலிலும் வரலாம். ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக்கு ஆட்டோ கிடைக்கும். வெயில் ஏறுவதற்கு முன் வந்துவிடுவது நல்லது.

மூன்றாவது, சாந்தோம். மலையில் இறந்தவரை அடக்கம் செய்த இடம் என நம்பப்படும் கல்லறையின் மேல் எழுந்த பேராலயம். இன்று பார்க்கும் வெண்ணிற கோதிக் கட்டடம் 1896-ல் நிறைவடைந்தது. பின்பக்க வழியாக இறங்கினால் நிலவறையில் கல்லறைச் சிற்றாலயம். 13-ம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோ, பக்தர்கள் இங்கிருந்து மண்ணை எடுத்துப்போய் நோயாளிகளுக்குக் கொடுப்பதாகக் குறித்திருக்கிறார். தோமையாரின் எலும்புகளில் பெரும்பகுதி எடெஸ்ஸாவுக்கும், பிறகு 1258-ல் இத்தாலியின் ஓர்த்தோனா நகருக்கும் போய்விட்டதாகத் திருச்சபை மரபு சொல்கிறது. இங்கே இருப்பது பெரும்பாலும் காலிக் கல்லறை. ஆனாலும், அதன் முன் மண்டியிடுபவர்கள் குறையவில்லை.

ஜூலை 3 தோமையார் திருநாள். மலை ஆலயத்தின் அன்னைக்கு டிசம்பர் 18. இரண்டு நாள்களிலும் கூட்டம் அதிகம் இருக்கும். அமைதியாக உட்கார நினைப்பவர்கள் வேறு நாள்களில் வரலாம்.

"பாதி நம்பிக்கைதான்... அதோட வர்றேன்"

எட்டு மணி. பூசை முடிந்து ஆலயத்திலிருந்து வெளியே வருகிறார் டீச்சர். இப்போது வாரத்தில் நான்கு நாள் வருகிறார். செபமாலை பீரோவிலிருந்து துணிப்பைக்கு வந்துவிட்டது. எதிர் வீட்டம்மாவின் கூட்டம் இன்னமும் வாரா வாரம் காபிக்கு வருகிறது. இப்போது காபிக்குப் பிறகு செபமும் உண்டு.

"பழையபடி ஆயிட்டேனான்னு கேட்டா, இல்லை. முன்னாடி கேள்வியே இல்லாம நம்பினேன். இப்போ கேள்வியோட நம்புறேன். சில நாள் முழுசா நம்புறேன். சில நாள் பாதிதான். அந்தப் பாதியோடயும் வந்து உட்கார்ந்துடுறேன். தோமையாரும் நம்பிக்கை வந்த பிறகா அந்த வீட்டுக்குள்ள போனார்? போய் உட்கார்ந்திருந்தார். அப்புறம்தானே வந்துச்சு."

இந்த வருடம் கணவரின் நினைவு நாளில் அவர் பூசைக்குப் பணம் கட்டினார். 2021-க்குப் பிறகு அதுவே முதல் முறை. கருத்து எழுதும் இடத்தில் கணவரின் பெயரை எழுதினார். அதற்குக் கீழே, தன்னைப்போலக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்காகவும் என்று ஒரு வரி சேர்த்தார்.

வெயில் படிகளில் விழத் தொடங்கிவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இறங்குகிறார். கீழிருந்து ஓர் இளைஞர் மூச்சுவாங்க ஏறி வருகிறார். "ஆன்ட்டி, இன்னும் எத்தனை படி இருக்கு?"

கணக்கு டீச்சர் ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறார்.

"தெரியலைப்பா. ஏறு, வந்துடும்."